நாலு தலைமுறை வண்டியும் ஒரு குஷனும்

செப்டம்பர் 2, செவ்வாய்

இன்று கடைக்கு ஒரு மரக்கடைக்காரர் வந்தார். மனைவிக்குப் படிக்கிற கண்ணாடி வேண்டுமாம். அந்த அம்மா எங்கே என்று கேட்டேன்.

"அவ எதுக்குங்க? வேலையா இருக்கா. என் கண்ணைப் பாத்து எழுதிடுங்க. இருபத்தெட்டு வருஷமா ஒரே வீட்ல ஒரே டிவியதான் பாக்குறோம்."

சொல்லிக்கொண்டே பரிசோதனை நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, தாங்கியில் தாடையையும் வைத்துவிட்டார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. யாருக்குக் கண்ணாடியோ அவர்தான் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று ஒரு பலகை எழுதி மாட்டலாமா? ஆனால் அதைப் படிக்கிற அளவுக்குக் கண் தெரிந்தால் அவர்கள் ஏன் என் கடைக்கு வரப்போகிறார்கள். தேன் மாதிரி பேசித் திருப்பி அனுப்பினேன்.

சாயங்காலம் பெரிய சேதி. என் மனைவிக்கு வேலை ஆர்டர் வந்துவிட்டது. மலையடிவாரத்தில் புதிதாகக் கட்டியிருக்கும் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்துக்கு அவள்தான் தலைவி. ஆறு வருடமாகக் காத்திருந்த பதவி. அக்டோபர் ஒன்றாம் தேதி காலை எட்டு மணிக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அடுத்த ஆள் கண்ணாடிக் குழாயைக் கழுவாமல் கவிழ்த்து வைக்கிற ஆசாமி என்று அவள் பல்லைக் கடித்தாள்.

இங்கிருந்து முப்பத்தெட்டு கிலோமீட்டர். பஸ் கிடையாது. கடைசி நாலு கிலோமீட்டருக்கு ரோடும் கிடையாது. கல், குழி, குறுக்கே ஒரு ஓடை. அவள் ஓட்டுகிற எங்கள் சின்னக் காருக்கு வேகத்தடையிலேயே வயிறு உரசுகிறது.

"என்னங்க, கொஞ்சம் ஒசரமான வண்டியா பாக்கணும்."

"நீ இங்க பொறுப்பை ஒப்படைக்கிற வேலையைப் பாரு. வண்டியை எங்கிட்ட விடு."

இப்படிச் சொல்ல எத்தனை நாளாக ஆசைப்பட்டிருந்தேன் என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது.

செப்டம்பர் 4, வியாழன்

சின்னக் காரைப் பழைய இரும்புக்காரர் கட்டி இழுத்துக்கொண்டு போனார். அவள் கடைசி நிமிடத்தில் ஓடிப் போய் ஓட்டுநர் சீட்டிலிருந்த குஷனை மட்டும் எடுத்து வந்தாள். பச்சைக் கட்டம் போட்டது. ஒரு மூலையில் பஞ்சு எட்டிப் பார்க்கும். சாப்பாட்டு மேசை நாற்காலியில் அதைப் போட்டாள். இப்போது அதன்மேல் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். என்ன சுகம்! இத்தனை வருடம் இதைக் காருக்குள் போட்டு வீணாக்கியிருக்கிறாள்.

செப்டம்பர் 5, வெள்ளி

வண்டியை முடிவு செய்தாயிற்று. அதாவது மாடலை. அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, மச்சான் படித்தால் இன்றைக்கே தரகு வேலையில் இறங்கிவிடுவான். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. உலகத்தில் உள்ள எல்லா வண்டியைப் பற்றியும் அவனிடம் ஒரு கருத்து இருக்கும்.

சின்ன எஸ்யூவி. பதினெட்டு வருடத்தில் நாலு தலைமுறை வந்திருக்கிறது. முதல் தலைமுறைக்கு நான் வைத்த பெயர் தாத்தா. அடுத்தது அப்பா. மூன்றாவது மகன். இப்போது ஷோரூமில் மினுக்கிக்கொண்டு நிற்பது பேரன். தாத்தாவும் அப்பாவும் மகனும் பழசாகத்தான் கிடைப்பார்கள், பேரன் மட்டும் புதுசு. ஒரே குடும்பத்தில் யாரை எடுப்பது?

என் தொழிலில் இதற்கு வழி இருக்கிறது. கண்ணுக்கு முன்னால் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "ஒண்ணு தெளிவா, ரெண்டு தெளிவா?" என்று கேட்போம். எப்போதும் இரண்டுதான். மூன்றாவதைக் காட்டினால் மனிதன் குழம்பிவிடுவான். அதே முறை. நாற்பது கேள்வி, நூறு மார்க். கோடு போட்டுத் தாள் தயார் செய்துவிட்டேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "வண்டி வாங்கறீங்களா, பொண்ணு பாக்கறீங்களா?"

செப்டம்பர் 7, ஞாயிறு

முதல் தேர்வு. தாத்தா. மச்சானே ஒன்று வைத்திருக்கிறான், விற்கவும் தயார்.

பெட்டி. நாலு பக்கமும் நேராக வெட்டிய பெட்டி. ஸ்டெப்னி டயரைப் பின்கதவின் முதுகில் சுமந்துகொண்டு நிற்கிறது, அதனால் கதவைத் திறக்க இரண்டு கையும் ஒரு முழங்காலும் தேவை. டேஷ்போர்டு ட்ரங்குப் பெட்டி மூடி மாதிரி இருக்கிறது, ஆனால் பட்டன் எல்லாம் கட்டை விரல் அளவு, தடவியே கண்டுபிடிக்கலாம். ஸ்டியரிங்கைத் திருப்புவதற்குள் தோள்பட்டை கழன்றுவிட்டது. கிளட்ச்சை மிதிப்பது கிணற்று மோட்டாரை உதைத்துக் கிளப்புவது போலத்தான்.

"ஏசி இருக்கா?"

"இருக்கு மாமா. போடக் கூடாது. போட்டா மேடு ஏறாது."

கீழே படுத்துத் தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளியை அளந்தேன். கையில் இருந்தது கண்மணிக்குக் கண்மணி தூரம் அளக்கும் கடை ஸ்கேல், பதினைந்து சென்டிமீட்டர்தான். அது போதாமல் மேலே கட்டை விரலையும் வைத்தேன். இந்த ஒரு விஷயத்தில் தாத்தாதான் ராஜா. கதவுப் படியில் துரு. நான் அதைச் சுரண்டியதும் மச்சானுக்கு முகம் சுண்டிவிட்டது.

61 மார்க். வீட்டு வாசலில் திரும்பி நிறுத்தியபோது மனைவி வந்தாள். "நானும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கவா?"

"கடைசிச் சுத்து வரும்போது சொல்றேன்" என்றேன். எனக்கும் லைசென்ஸ் இருக்கிறதே. வருடத்துக்கு மூன்று தடவை ஓட்டுகிறேன், அதில் இரண்டு ரிவர்ஸ் என்றாலும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

தாத்தாவின் உபயத்தில் இடுப்பு வலி. குஷன் இல்லாமல் உட்கார முடியவில்லை.

செப்டம்பர் 13, சனி

ஷோரூம். பேரன்.

கதவைத் திறந்ததும் உள்ளே நீல வெளிச்சம். புது வாசனை. எனக்கு 'புது வாசனை' என்று தனிக் கேள்வியே இருக்கிறது, பத்துக்குப் பத்து போட்டேன். முன்னால் டேஷ்போர்டு முழுவதும் ஒரே திரை. காற்று வருகிற துவாரத்தைத் திருப்ப வேண்டும் என்றால் திரையில் மூன்று இடத்தில் அமுக்க வேண்டும். முன்பெல்லாம் விரலால் தள்ளினோம். இதற்குப் பெயர் வளர்ச்சி.

ஓட்டிப் பார்த்தேன். கோட்டைத் தொட்டால் கத்துகிறது. பக்கத்தில் சைக்கிள் வந்தால் கத்துகிறது. நாலாவது நிமிடம், "நீங்கள் களைப்பாக இருக்கிறீர்கள், ஓய்வெடுக்கவும்" என்று ஒரு பெண் குரல் சொன்னது. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு வார்த்தை என்னிடம் யாரும் சொன்னதில்லை.

"ஸ்டெப்னி எங்கம்மா?"

ஷோரூம் பெண் டிக்கியைத் திறந்து ஒரு பாட்டிலைக் காட்டினாள். "பங்ச்சர் கிட் சார். டயருக்குள்ள பசையை அடிச்சுக்கலாம்."

ஓடை நடுவில் பசை பாட்டிலோடு நிற்கிற மனைவியை நினைத்துப் பார்த்தேன். ஆறு மார்க் கழித்தேன்.

"சார், வண்டியை யார் ஓட்டப்போறாங்க?"

"மேடம்."

"மேடம் வரலையா?"

"அவங்க பிஸிம்மா. நான் பாத்தா அவங்க பாத்த மாதிரிதான்."

அந்தப் பெண் ஏதோ குறிப்பு எழுதிக்கொண்டாள். என்னத்தை எழுதினாளோ.

மொத்தம் 84. ஆனால் பதிவு செய்தால் வண்டி கைக்கு வர பன்னிரண்டு வாரமாம். டிசம்பர். அதற்குள் கண்ணாடிக் குழாயைக் கழுவாத ஆசாமி அந்த நாற்காலியைத் தேய்த்தே பளபளப்பாக்கிவிடுவான். பேரன் அவுட்.

செப்டம்பர் 17, புதன்

அப்பா. பத்து வருட வண்டி. விற்கிறவர் ஒரு கால்நடை மருத்துவர் அம்மா. ஊர் ஊராகப் போய் வாத்துப் பண்ணை பார்த்தவர், இப்போது அலுவலக வேலைக்கு மாறிவிட்டார்.

கூடவே மூக்கு மெக்கானிக்கை அழைத்துப் போனேன். அவர் வண்டியைக் காதால் கேட்க மாட்டார், கையால் தட்ட மாட்டார். மூக்குதான். ஆயில் குச்சியை உருவி முகர்ந்தார். மிதியடியைத் தூக்கி முகர்ந்தார். சைலன்சர் வாய்க்கு எதிரே மண்டியிட்டுக் கண்ணை மூடி முகர்ந்தார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"எஞ்சின் சுத்தம். கியர்பாக்ஸ் சுத்தம். வெள்ளத்துல முங்குன வண்டி கெடையாது. அடி தகடெல்லாம் கல்லு மாதிரி இருக்கு." ஒரு நிமிடம் நிறுத்தினார். "ஆனா வாத்து சார்."

உண்மைதான். ஏசியைப் போட்டதும் துவாரத்திலிருந்து ஒரு வெள்ளை இறகு பறந்து வந்து என் மீசையில் ஒட்டியது. மருத்துவர் அம்மா, "அது எப்பவாவதுதாங்க" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் இன்னொன்று வந்தது.

மற்ற குறைகள்: சுற்றிலும் பெரிய பெரிய ஜன்னல், வெயில் மூஞ்சியில் அடிக்கும், மூன்று மார்க் குறைப்பு. கண்ணாடி விற்றுப் பிழைக்கிறவன் கண்ணாடி அதிகம் என்று மார்க் குறைத்தது கொஞ்சம் உறுத்தியது, ஆனாலும் நீதி நீதிதான். ஓட்டுநர் சீட்டின் ஓரம் அடிபம்புக் கைப்பிடி மாதிரி ஒரு லீவர். என்னதான் செய்யும் என்று அடித்தேன். அடிக்க அடிக்கச் சீட்டு என்னைத் தூக்கிக்கொண்டு மேலே போய் உச்சந்தலையைக் கூரையில் இடித்தது. தேவையில்லாத வேலை. இரண்டு மார்க் குறைப்பு.

58.

செப்டம்பர் 21, ஞாயிறு

கிடைச்சாச்சு! கிடைச்சாச்சு!

மகன். ஆறு வருட வண்டி, ஒரே கை, ஓனர் வங்கி மேனேஜர். கருநீலம். பின்னால் கூரை சரிந்து இறங்கும் அழகு இருக்கிறதே! பின் கண்ணாடி உண்டியல் துவாரம் மாதிரி சின்னது, ஆனால் பின்னால் வருகிறவனைப் பார்த்து என்ன ஆகப்போகிறது. பேரனைப் போல அலறுவதில்லை, தாத்தாவைப் போல முறைப்பதில்லை. திரை உண்டு, திருப்புகிற குமிழும் உண்டு. டிக்கியில் முழு ஸ்டெப்னி. ஸ்கேலும் கட்டை விரலும் வைத்து அளந்தேன், ஓடைக்குப் போதும். சீட்டு பள்ளமாக இருக்கிறது, உட்கார்ந்தால் பந்தய வீரன் மாதிரி இருக்கிறது. ஏற்றி இறக்கும் தொந்தரவெல்லாம் இல்லை.

மூக்கு மெக்கானிக் மூன்று தடவை முகர்ந்துவிட்டு, "பூ சார்" என்றார்.

91!

ராத்திரிச் சாப்பாட்டில் தாளை நாடகம் மாதிரி வாசித்துக் காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். "நான் ஒரு தடவை உக்காந்து பாத்துடட்டுமா?"

"தொண்ணூத்தி ஒண்ணு மார்க் வாங்கியிருக்கு. நீ உக்காந்து என்னத்தைப் பாக்கப்போற?"

அவள் எழுந்து போய் ஒரே டம்ளரை ரொம்ப நேரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஆய்வகப் பழக்கம்.

செப்டம்பர் 24, புதன்

மரக்கடைக்காரரின் மனைவி இன்று நேரிலேயே வந்துவிட்டார். என்னிடம் நடக்காததால் அந்த மனுஷன் வேறெங்கோ போய்த் தன் கண்ணுக்குச் சரியாக இருந்த கண்ணாடியையே வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

"இதைப் போட்டா செவுரு எங்கிட்ட நடந்து வருதுங்க. நேத்து காப்பியில சக்கரைன்னு உப்பை அள்ளிப் போட்டுட்டேன். அதையும் நல்லாயிருக்குன்னு குடிச்சாரு."

நாற்காலியில் உட்கார வைத்தேன். குள்ளமான அம்மா. வழக்கம்போல் கால் பெடலை மிதித்து நாற்காலியைக் கண்ணுக்கு நேராக ஏற்றினேன். "ஒண்ணு தெளிவா, ரெண்டு தெளிவா?" ஐந்து நிமிட வேலை.

வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்து எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "கட்டிக்கிட்டவளை உக்கார வெச்சு ஒரு வார்த்தை கேக்க மாட்டானா ஒருத்தன்?"

மனைவி சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள். "அவரும் ஆசையாத்தான் வாங்கிக் குடுத்திருப்பாரு" என்றாள். மரக்கடைக்காரர் மேல் அவளுக்கு என்ன இத்தனை கரிசனம்?

செப்டம்பர் 27, சனி

இதை இப்போதே எழுதிவிட வேண்டும்.

மேனேஜர் வண்டியை இரண்டு நாளைக்கு எடுத்துப் போய் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தேன். மனைவி வந்தாள். கதவைத் திறந்துவிட்டேன். உட்கார்ந்தாள். அவ்வளவுதான், ஆளைக் காணோம்! ஸ்டியரிங்குக்கு மேலே இரண்டு புருவம் மட்டும் தெரிந்தது.

"எப்படி இருக்கு?"

"வானம் நல்லா தெரியுது. ஒரு காக்கா போகுது. ரோடு எந்தப் பக்கம்?"

அவள் உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. இது எனக்குத் தெரியும்தானே? கல்யாணமாகி பத்தொன்பது வருஷம். தெரியும்தானே!

ஓடிப் போய் என் குஷனை எடுத்து வந்தேன். அவள் குஷன். அவளோட குஷன்டா அது, முட்டாளே. போட்டு உட்கார்ந்தாள், மூக்கு வரை வந்தது. ஒரு தலையணையும் போட்டேன். இப்போது ரோடு தெரிந்தது, ஆனால் கிளட்ச் எட்டவில்லை. சீட்டை முன்னால் தள்ளினால் ஸ்டியரிங் வயிற்றில் இடித்தது. தலையணையை எடுத்தால் கால் எட்டியது, ரோடு போய்விட்டது.

அவள் என் குரலிலேயே கேட்டாள். "கண்ணு தெளிவா, காலு தெளிவா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ சரியா உக்காரு! முதுகை நிமித்து! தொண்ணூத்தி ஒண்ணு மார்க்கு வண்டி!" என்று கத்திக்கொண்டே பானட்டுக்கு முன்னால் போய் நின்றேன்.

"என்னங்க, இப்ப எங்க இருக்கீங்க?"

"உன் முன்னாலதான் நிக்கிறேன்."

"தெரியலையே."

கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தேடினாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒரு எட்டு தூரத்தில் நிற்கிறேன், என் பெண்டாட்டிக்கு நான் தெரியவில்லை. அந்த ஓடை, அந்தக் கல்லு, மழை, தினம் போக வர இவ தனியா... அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் மரக்கடைக்காரன். நான்தான் அந்த மரக்கடைக்காரன்.

"ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"ரெண்டு தடவை கேட்டேன். நீங்க கோடு போட்டுக்கிட்டு அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க. சரி, வண்டி வாசலுக்கு வரட்டும்னு விட்டுட்டேன்." பிறகு, "இன்னும் நாலு நாள் இருக்குல்ல" என்றாள்.

நாலு நாள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

காலையில் அவளை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். தாளை வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

முதலில் தாத்தா. ரோடு நன்றாகத் தெரிந்தது. கிளட்ச்சை மிதிக்க அவள் எழுந்தே நிற்க வேண்டியிருந்தது. மச்சான், "அக்கா, பழகிடும்" என்றான். "எனக்கா, காலுக்கா?" என்று கேட்டுவிட்டு இறங்கிவிட்டாள்.

அடுத்து மருத்துவர் அம்மா வீடு. அப்பா. ஏறி உட்கார்ந்தாள். அவள் கை தானாக ஓரத்துக்குப் போனது. லீவர். அடித்தாள். ஒன்று, இரண்டு, பதினொரு அடி. அவள் மெதுவாக ஜன்னலில் உதித்து வந்தாள்: நெற்றி, கண்ணாடி, மூக்கு, கழுத்து. என் கடை நாற்காலி! தினமும் பத்துப் பேருக்கு நான் காலால் மிதித்து ஏற்றுகிற அதே வேலை. இதற்கு இரண்டு மார்க் குறைத்திருக்கிறேன்.

கால் எட்டியது. ஸ்டியரிங்கை ஒரு கையால் திருப்பினாள். நான் பானட்டுக்கு முன்னால் போய் நின்றேன்.

"தெரியுதா?"

"தெரியுது."

குந்தி உட்கார்ந்தேன். "இப்ப?"

"உச்சந்தலை தெரியுது. வழுக்கை நான் நெனச்சதைவிட அதிகமா இருக்கு."

எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்க டயரைப் பார்க்கிற மாதிரி இருந்தேன். அவள் ஏசியைப் போட்டாள். ஒரு இறகு வந்து அவள் மூக்குக்கண்ணாடியில் உட்கார்ந்தது. அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கு எத்தனை மார்க் போட்டீங்க?"

"அம்பத்தெட்டு."

"பாஸா?"

"பாஸ்தான்."

செப்டம்பர் 29, திங்கள்

கடையைப் பூட்டிவிட்டு நாள் முழுக்கக் கையெழுத்து, பெயர் மாற்றம், டயர். மூக்கு மெக்கானிக் துவாரங்களைக் கழற்றி அரைத் தலையணை அளவுக்கு இறகு எடுத்தார். "இன்னும் இருக்கு சார். மூக்கு சொல்லுது."

மேனேஜரிடம் மகனைத் திருப்பிக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்டு, மனைவி உட்கார்ந்தால் ரோடே தெரியவில்லை என்று காரணம் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார். "என் வீட்லயும் அதனாலதாங்க விக்கச் சொன்னாங்க."

செப்டம்பர் 30, செவ்வாய்

மார்க் தாளில் ஒன்றாம் கேள்விக்கு மேலே இன்னொரு கேள்வி எழுதினேன்: ஓட்டப்போவது யார்? நூறு மார்க்.

அக்டோபர் 1, புதன்

ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டாள். பச்சைக் குஷனைக் கொண்டுபோய் ஓட்டுநர் சீட்டில் வைத்தேன். அவள் அதை எடுத்துப் பக்கத்து சீட்டில் போட்டாள். "இது உங்களுக்கு. ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போறேன், ஓடையைப் பாக்கலாம்."

கடையில் மூன்று பேருக்கு இடது கண்ணையும் வலது கண்ணையும் மாற்றி எழுதினேன். நல்லவேளை, மூன்று பேரும் சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் வண்டி சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடினேன். சக்கரம் முழுக்கச் சேறு. அவள் கொண்டையில் ஒரு வெள்ளை இறகு செருகியிருந்தது.

"காலையிலேர்ந்து இப்படியேவா இருந்த?"

"மீட்டிங்ல எல்லாரும் பாத்தாங்க. ஒருத்தரும் கேக்கல. தலைவின்னா அப்படித்தான் போலன்னு நெனச்சுட்டாங்க."

ஏழு ஐம்பதுக்குக் கையெழுத்துப் போட்டாளாம். நான் ஸ்கேலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். சேறுதான் இருந்தது, ஒரு கீறல் இல்லை.

"ஓடையில கல்லு இருந்துச்சா?" என்று அடியிலிருந்தே கேட்டேன்.

"இருந்துச்சு. நடுவுல, பெருசா ஒண்ணு."

"அப்புறம்?"

"தெரிஞ்சுது. சுத்திக்கிட்டு போயிட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே டீ போடப் போனாள்.